வெங்காயத்துக்கு ஏறும் விலை, கூலிக்கு ஏன் ஏறாது?

போன செமஸ்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு சனிக்கிழமை ராத்திரி டீக்கடையில் மாமாவுக்காகக் காத்திருந்தேன். சனிக்கிழமை என்றால் திருப்பூரில் சம்பள நாள். அன்றைக்கு ராத்திரி கறிக்கடையிலிருந்து செல்போன் கடை வரைக்கும் எல்லா இடத்திலும் கூட்டம் இருக்கும்.

மாமா ஓவர்லாக் டெய்லர். இருபத்தாறு வருடமாக அதே வேலை. கம்பெனிதான் நாலைந்து மாறியிருக்கிறது. துணியை விரலால் தேய்த்துப் பார்த்தே எத்தனை ஜிஎஸ்எம் என்று சொல்லிவிடுவார். புதிதாக வருகிற கைமடிப் பையன்களுக்கு மெஷின் பழக்கிவிடுவதும் அவர்தான். வந்தார், கவரைப் பிரித்து எண்ணினார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எதிர் பெஞ்சில் இரண்டு வடநாட்டுப் பையன்கள் பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மாமா சொன்னார்: "இவனுக வந்துதான் கண்ணு, நம்ம ரேட்டைக் கெடுத்துப்போட்டானுக."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

லீவு முடிந்து ஹாஸ்டலுக்கு வந்தால் இங்கே வேறு பஞ்சாயத்து. 2025 செப்டம்பரில் அமெரிக்கா புது எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்ததிலிருந்து எங்கள் மெஸ்ஸில் அந்தப் பேச்சு ஓயவே இல்லை. "நாம போய் உழைக்கிறோம், அவங்களுக்கு ஏன்டா வலிக்குது?" என்று ஒரே கொதிப்பு. அமெரிக்கக்காரன் சொல்வது என்ன? "இவனுங்க வந்துதான் எங்க சம்பளம் கெட்டுப்போச்சு." மாமா சொன்ன அதே வாக்கியம்.

திருப்பூரில் சொன்னால் நியாயம், டெக்சாஸில் சொன்னால் இனவெறி என்று நாம் எப்படி முடிவு பண்ணுகிறோம்? இந்தக் கேள்வி மண்டையைக் குடைந்ததால்தான் இந்தக் கட்டுரை. நான் படிப்பது எஞ்சினியரிங், எகனாமிக்ஸ் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் எகனாமிக்ஸ் படித்தவர்கள் டிவியில் அடிக்கிற ஜல்லியைப் பார்த்தபிறகு எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமாவின் கூலியைக் கெடுப்பது வந்த ஆள் இல்லை. வந்த ஆளை ஒரே இடத்தில் கட்டிப்போட்டிருக்கிற கயிறு. சட்டை எந்தத் துறைமுகத்தில் என்ன வரியில் இறங்கவேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த அரசாங்கங்கள், அந்தக் கயிற்றைப் பற்றி மட்டும் ஒரு வரி உருப்படியாக எழுதுவதில்லை. கோபப்படவேண்டியது அங்கேதான்.

இந்திக்காரர் வருவதற்கு முன்னால் என்ன வாழ்ந்தது?

"வடக்கன் வந்தான், கூலி விழுந்தது" என்கிற கதையில் தேதிகளே சரியில்லை.

1984-ல் திருப்பூரில் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நாலு மாதத்துக்கும் மேல். அப்போது வேலை செய்தவர்களும் தமிழர்கள், கொடுக்கமாட்டேன் என்று நின்றவர்களும் தமிழர்கள். இந்தி பேசுகிறவர் யாரும் நடுவில் இல்லை. அதற்குப் பிறகுதான் வேலை சின்னச் சின்ன யூனிட்டுகளாகவும், பவர்டேபிளாகவும், கான்ட்ராக்டாகவும் இன்னும் வேகமாகச் சிதறியது. ஒரே கூரைக்குக் கீழே ஐந்நூறு பேர் இருந்தால் சங்கம் வைப்பார்கள். பத்துப் பத்துப் பேராகப் பிரித்துவிட்டால் யார் வைப்பது?

எண்பது, தொண்ணூறுகளில் திருப்பூருக்கு வண்டி வண்டியாக ஆள் வந்தது மதுரை, தேனி, திண்டுக்கல், தஞ்சாவூர் பக்கமிருந்து. அப்போது உள்ளூர்க்காரர்கள் "மதுரைக்காரனுக வந்து ரேட்டைக் கெடுத்துட்டானுக" என்று சொன்னதாகப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதில் காமெடி என்னவென்றால், மாமாவே திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். இருபத்தாறு வருடம் முன்னால் அவரைப் பார்த்துச் சொன்ன வசனத்தைத்தான் இன்றைக்கு அவர் சொல்கிறார் :-)

சரி, சம்பள விஷயத்துக்கு வருவோம். தையல் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலியைத் தமிழக அரசு 2004-ல் நிர்ணயித்தது. அப்போதிருந்த 1948-ஆம் வருடத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி ஐந்து வருடத்துக்குள் அதை மறுபடி பார்த்திருக்கவேண்டும். அடுத்த உயர்வுக்கான அரசாணை வந்தது எப்போது? 2014-ல். பத்து வருடம் கழித்து. அதையும் கொடுக்கமுடியாது என்று நூற்றுக்கணக்கான கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2016 ஜூலையில்தான் சென்னை உயர்நீதிமன்றம் அரசாணை செல்லும் என்று சொன்னது. கூலி 30 சதவீதம் வரை ஏறவேண்டும், 2014 முதலான பாக்கியையும் தொழிலாளர்கள் கேட்கலாம் என்று தீர்ப்பு வந்தது. ஆக, பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அரிசி விலை ஏறியது, பஸ் டிக்கெட் ஏறியது, வீட்டு வாடகை ஏறியது. சட்டம் சொல்கிற அடிமட்டக் கூலி மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதை உட்காரவைத்தது பாட்னாவிலிருந்து ரயிலேறி வந்த பையனா? அந்த ஃபைல் எந்த மேஜையில் தூங்கியது என்று அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஒப்பந்தம் வந்தால் யாருக்கு வரவு?

அடுத்த வில்லன் உலக வர்த்தகம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும்.

1974 முதல் பணக்கார நாடுகள் துணிக்குக் கோட்டா வைத்திருந்தன. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இவ்வளவு சட்டைதான் உள்ளே வரலாம் என்று கணக்கு. உலக வர்த்தக அமைப்பு வந்தபிறகு அதைப் பத்து வருடத்தில் படிப்படியாகக் கழற்றி, 2005 ஜனவரி 1-ல் முழுசாக எடுத்துவிட்டார்கள். திருப்பூருக்குக் கதவு திறந்தது. கூடவே சீனாவுக்கும் திறந்தது.

இன்னொரு பக்கம், மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு ஆயுதத்தைத் தவிர எல்லாப் பொருளுக்கும் வரியில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2001-ல் அறிவித்தது. வங்கதேசச் சட்டை வரியே இல்லாமல் உள்ளே போனது. நம் சட்டை பல வருடம் 9 சதவீதத்துக்கு மேல் வரி கட்டிக்கொண்டு போனது. 2020 ஆகஸ்டில் வியட்நாமுக்கும் ஐரோப்பாவோடு ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. இந்த வித்தியாசத்தைக் காட்டித்தான் பையர் ஒவ்வொரு சீசனும் விலையைக் குறைக்கச் சொல்லுவார். எக்ஸ்போர்ட்டர் பவர்டேபிள்காரரிடம் குறைப்பார். அவர் டெய்லரிடம் குறைப்பார். டெய்லர் யாரிடம் குறைப்பது? வீட்டில் பால் பாக்கெட்டை இரண்டிலிருந்து ஒன்றாக்குவார்.

சரி, வரி இருந்ததால் கூலி ஏறவில்லை என்றால், வரி போனபோது ஏறியிருக்கவேண்டும் இல்லையா? ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே மாதம் ஒப்பந்தம் அமலானது. ஆஸ்திரேலியாவோடு 2022 டிசம்பரில். பிரிட்டனோடு 2025 ஜூலை 24-ல் கையெழுத்தானது. 2024-25 நிதியாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பேப்பரில் முழுப்பக்க வாழ்த்து விளம்பரம். மாமாவின் பீஸ் ரேட்டுக்கு ஒரு பைசா வாழ்த்து இல்லை.

2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 சதவீதமாக ஏற்றியதே, அப்போது என்ன நடந்தது? மாமா வேலை செய்கிற இடத்தில் மறுவாரமே ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது. "சாமி, அமெரிக்கா வரி போட்டுட்டான், எல்லாரும் கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க" என்று சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொன்னாராம். அதாவது வரி ஏறினால் நஷ்டத்தில் டெய்லருக்குப் பங்கு உண்டு. வரி இறங்கினால் லாபத்தில் பங்கு கிடையாது. இப்படி ஒரு பார்ட்னர்ஷிப்பை உலகத்தில் வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

நூறு ரூபாய் சட்டைக்குப் பத்து ரூபாய் வரி போகிறதென்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் போட்டு அதை எடுத்தாயிற்று. அந்தப் பத்து ரூபாய் யாருக்கு? லண்டனில் வாங்குகிறவருக்கா, பிராண்டுக்கா, எக்ஸ்போர்ட்டருக்கா, டெய்லருக்கா? யாருக்குப் பேரம் பேசும் பலம் இருக்கிறதோ அவருக்குப் போகும். ஒப்பந்தத்தில் அதைப் பற்றிச் சட்டமாக எதுவும் இல்லாதவரைக்கும் இதுதான் நடக்கும்.

தட்டுப்பாடு என்றால் விலை ஏறவேண்டாமா?

முதலாளிகள் தரப்பில் எப்போதும் ஒரே பாட்டு: "ஆள் கிடைக்கலைங்க. உள்ளூர்ப் பசங்க வேலைக்கு வர்றதில்லை."

வெங்காயம் தட்டுப்பாடு என்றால் விலை ஏறுகிறது. தக்காளி தட்டுப்பாடு என்றால் விலை ஏறுகிறது. நூல் தட்டுப்பாடு வந்தால் நூல் விலை ஏறியது என்று திருப்பூரே கடையடைக்கிறது. ஆள் தட்டுப்பாட்டுக்கு மட்டும் கூலி ஏறாது. அதற்குப் பதிலாக ஒரு ரயில் வரும். சந்தை விதி எல்லாருக்கும் பொது என்று பாடம் நடத்துகிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் ஏன் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள்?

இங்கே மாமாவுக்கு நியாயம் செய்யவேண்டும். அவர் கோபம் முழுக்கக் கற்பனை இல்லை. வடக்கிலிருந்து வருகிற பையன் பெரும்பாலும் கம்பெனி ஹாஸ்டலில் தங்குகிறான். கூட்டிவந்த ஏஜெண்டுக்கு முன்பணம் பாக்கி. ராத்திரி பத்து மணிக்கு ஷிப்மென்ட் அவசரம் என்றால் கதவைத் தட்டி எழுப்பலாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்கமாட்டான், குழந்தை ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சங்கத்து நோட்டீஸ் தமிழில் இருக்கிறது, அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஓட்டும் இங்கே இல்லை, அதனால் கவுன்சிலர்கூட எட்டிப்பார்க்கமாட்டார். பக்கத்துக் கம்பெனியில் ரேட் அதிகம் என்றால் மாமா சனிக்கிழமை கணக்கு முடித்துவிட்டுத் திங்கட்கிழமை அங்கே போகலாம். அந்தப் பையன் போனால் வேலை மட்டுமல்ல, படுக்கிற இடமும் போய்விடும்.

இப்போது சொல்லுங்கள். முதலாளி இந்தப் பையனை விரும்புவது அவன் திறமைக்காகவா, அவன் குறைந்த கூலிக்காகவா? இரண்டையும்விட அவன் "போகமுடியாது" என்பதற்காக. மாமா கூலி உயர்வு கேட்டால், "இருக்கிற ரேட்டுக்கு முடிஞ்சா பாருங்க" என்று சூப்பர்வைசர் தெனாவட்டாகச் சொல்லமுடிவது அந்தப் போகமுடியாத ஆள் ஹாஸ்டலில் இருக்கிற தைரியத்தில்தான்.

இந்தக் கயிறு இந்திக்காரர்களுக்காகப் புதிதாகத் திரித்ததும் இல்லை. நம் ஊர் நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று ஓடியதே, நினைவிருக்கிறதா? தென்மாவட்டத்துப் பெண் பிள்ளைகளை ஹாஸ்டலில் அடைத்து, மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, அதுவரை கைக்குச் சில்லறை கொடுத்து வேலை வாங்கினார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் போனால் மொத்தப் பணமும் போச்சு. அந்தப் பிள்ளைகள் பேசியது சுத்தமான தமிழ்தான். கூலியைக் குறைக்க இந்தி தேவையில்லை. ஹாஸ்டல் கேட்டும் பூட்டும் போதும்.

1979-ல் போட்ட சட்டமும், 2025-ல் காணாமல் போன வரியும்

மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்காக 1979-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதில் இரண்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒன்று, அதே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கிற அதே கூலி. இரண்டு, கான்ட்ராக்டர் ஆள் எடுக்கும்போதே மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்ச்சிப் படியாகக் கொடுக்கவேண்டும். அது திருப்பித் தரவேண்டிய முன்பணம் கிடையாது.

இதன் சூட்சுமத்தைக் கவனியுங்கள். வெளியூர் ஆளைக் கூட்டிவருவது உள்ளூர் ஆளைவிடக் கொஞ்சமாவது அதிகம் செலவாகும். அப்படியென்றால் நிஜமாகவே ஆள் இல்லாதபோதுதான் முதலாளி வெளியிலிருந்து கூட்டிவருவார். கூலியை அடிப்பதற்காகக் கூட்டிவர மாட்டார். வந்தவனுக்கும் நல்லது, இருந்தவனுக்கும் நல்லது. சட்டம் போட்டவர்கள் இதை நினைத்துத்தான் போட்டார்களோ தெரியாது, ஆனால் என் கண்ணுக்கு இது அருமையான எஞ்சினியரிங்.

நடந்ததா? பெரும்பாலும் ஏட்டில்தான். கான்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்கமாட்டார், ரிஜிஸ்டரில் பெயர் இருக்காது. பதிவிலேயே இல்லாத ஆளுக்கு எந்தப் படி? கடைசியில் 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. 1979 சட்டம் அவற்றில் ஒன்றுக்குள் கரைந்தது. ஊருக்குப் போய்வரும் பயணப்படி தப்பியது. இடப்பெயர்ச்சிப் படி காணாமல் போனது. நடைமுறைப்படுத்தாத நல்ல சட்டத்தை என்ன செய்யவேண்டும்? நடைமுறைப்படுத்தவேண்டும். நாம் அதை அழித்துவிட்டோம். இதற்கு டீக்கடையில் யாராவது கோபப்பட்டதைப் பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை.

அனுப்பிவிட்டால் கூலி ஏறுமா?

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, எல்லாரையும் ரயிலேத்தி அனுப்பிவிட்டா தானா ரேட் ஏறும்" என்பார்கள். இதை ஒரு நாடு செய்தே பார்த்திருக்கிறது.

1942 முதல் 1964 வரை மெக்சிகோ விவசாயக் கூலிகளை ஒப்பந்தத்தில் அமெரிக்கா கூட்டிவந்தது. பிரசெரோ திட்டம் என்று பெயர். அமெரிக்க விவசாயக் கூலி ஏறவேண்டும் என்பதற்காகவே 1964 முடிவில் அதை நிறுத்தினார்கள். ஏறியதா? மைக்கேல் கிளெமென்ஸ், ஈதன் லூயிஸ், ஹன்னா போஸ்டல் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் பழைய கணக்குகளைத் தோண்டி 2018-ல் எழுதினார்கள். கூலி ஏறவில்லை. பண்ணையார்கள் தக்காளி பறிக்கும் மெஷின் வாங்கினார்கள், மெஷினால் பறிக்கமுடியாத பயிரைக் குறைத்துக்கொண்டார்கள். ஆள் போனார்கள், வேலையும் போனது.

1980-ல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் படகில் வந்து மயாமியில் இறங்கினார்கள். ஒரே ஊரில் சில மாதத்தில் உழைப்பவர் எண்ணிக்கை 7 சதவீதம் கூடியது. கூலி பெரிதாக விழவில்லை என்று டேவிட் கார்ட் 1990-ல் சொன்னார். இல்லை, பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களின் கூலி பலமாக விழுந்தது என்று ஜார்ஜ் போர்ஹாஸ் 2017-ல் மறுத்தார். அந்தச் சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. நான் நடுவர் இல்லை. ஆனால் இருவர் சொல்வதிலிருந்தும் ஒன்று தெரிகிறது. ஆள் வந்தால் கூலி விழும் என்பது நியூட்டன் விதி மாதிரி தானாக நடப்பது இல்லை. யார் வருகிறார்கள், எந்த நிபந்தனையில் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நிபந்தனையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அதுவும் நம்மாட்கள் நிறைய இருக்கிற இடத்தில். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய முதலாளி "ஆட்சேபணை இல்லை" என்று கடிதம் கொடுத்தால்தான் வேறு வேலைக்குப் போகலாம். 2011 முதல், ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கு அந்தக் கடிதம் வேண்டாம் என்றார்கள். அவ்வளவுதான். ஆளைக் குறைக்கவில்லை, குறைந்தபட்சக் கூலி வைக்கவில்லை. சுரேஷ் நாயுடு, யாவ் நியார்கோ, ஷிங்-யி வாங் மூவரும் சம்பளக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். விடுபட்ட தொழிலாளர்களின் வருமானம் 10 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. பெரும்பாலோர் புது முதலாளியிடம் போகக்கூட இல்லை. போகமுடியும் என்பதே பழைய முதலாளியைக் கொடுக்கவைத்தது.

ஒரே ஒரு கடிதம்தான் கயிறு. அதை அவிழ்த்தால் பத்து சதவீதம்.

இப்போது நம் ஹாஸ்டல் பக்கம்

என் கிளாஸ்மேட்டுகளுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எச்-1பி விசாவில் போகிறவனும் ஒரு வகையில் கம்பெனி ஹாஸ்டல் பையன்தான். ஹாஸ்டல் ஏசி, அவ்வளவுதான். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு கம்பெனி பிடிக்கவேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்டவேண்டும். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும்போது மேனேஜரை எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? சம்பளத்துக்கு நான்கு படிநிலை வைத்திருந்தார்கள். ஒரு ஊரில் அந்த வேலைக்குக் கிடைக்கிற சம்பளங்களை வரிசைப்படுத்தினால், முதல் படி 17-ஆவது சதமானத்தில், இரண்டாவது படி 34-ஆவது சதமானத்தில். அதாவது இரண்டுமே நடுவிலிருப்பவரின் சம்பளத்துக்குக் கீழே. 2019 கணக்கில் அனுமதி பெற்ற எச்-1பி வேலைகளில் 60 சதவீதம் இந்த இரண்டு படிகளில்தான் இருந்தன. இருபது வருடம் அனுபவமுள்ள அமெரிக்க புரோகிராமருக்கு மாமாவின் கோபம் வருவதில் என்ன ஆச்சரியம்?

பிரிட்டன் ஒப்பந்தத்திலும் இதே கதை நடந்தது. இந்தியக் கம்பெனிகள் தற்காலிகமாக அங்கே அனுப்பும் ஊழியர்களுக்கு பிரிட்டனில் சமூகப் பாதுகாப்புக் கட்டணம் கட்டவேண்டாம் என்று 2025 மே மாதம் முடிவானது. "இந்திய ஆளை வைத்தால் மலிவு, எங்கள் ஆளை வைத்தால் செலவு என்றாகிவிட்டதே" என்று அங்கே எதிர்க்கட்சிகள் கூச்சல் போட்டன. நாம் இங்கே கைதட்டினோம்.

நான் யாரையும் போகாதே என்று சொல்லவில்லை. நானும் ஜிஆர்இ புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். நாம் அங்கே போய் எதிர்பார்க்கிற மரியாதையை இங்கே வந்தவனுக்குக் கொடுக்கவேண்டும். மாமாவின் பயத்துக்கு நாம் எதிர்பார்க்கிற புரிதலை அந்த அமெரிக்க புரோகிராமருக்கும் கொடுக்கவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நியாயம். அது வசதிக்குத் தகுந்தபடி மாறினால் அதற்குப் பெயர் நியாயம் இல்லை.

ஒப்பந்தத்தில் கூலியை எழுதமுடியாதா?

"கூலியெல்லாம் உள்நாட்டு விஷயம், வர்த்தக ஒப்பந்தத்தில் எழுதமுடியாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பொய். எழுதியிருக்கிறார்கள்.

அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றும் போட்ட ஒப்பந்தம் 2020 ஜூலை 1-ல் அமலானது. ஒரு கார் வரியில்லாமல் எல்லை தாண்டவேண்டுமென்றால் அதன் மதிப்பில் 40 முதல் 45 சதவீதம், மணிக்குச் சராசரியாக 16 டாலராவது வாங்குகிற தொழிலாளர்களின் கையால் ஆகியிருக்கவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதோடு, ஒரு குறிப்பிட்ட ஃபேக்டரியில் சங்க உரிமையை மறுத்தால் அந்த ஃபேக்டரி மீதே நடவடிக்கை எடுக்க வழி வைத்தார்கள். 2021-ல் மெக்சிகோவின் சிலாவோ நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை மீது அது முதலில் பாய்ந்தது. 2022 பிப்ரவரியில் தொழிலாளர்கள் ஓட்டுப்போட்டுப் புதுச் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மே மாதம் 8.5 சதவீதக் கூலி உயர்வு வாங்கினார்கள்.

நம் பிரிட்டன் ஒப்பந்தத்திலும் தொழிலாளர் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. அழகான வாசகங்கள். ஆனால் மீறினால் ஒப்பந்தத்தின் தாவா முறைக்குப் போகமுடியாது. சுங்கத்துக்குப் பல் இருக்கிறது, கூலிக்கு ஈறு மட்டும்.

அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம், திண்டுக்கல்லையே பாருங்கள். 2022 ஏப்ரலில் அங்கே தமிழ்நாட்டுப் பெண் தொழிலாளர்களின் சங்கம், ஆலை நிர்வாகம், எச் அண்ட் எம் மூன்றும் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க, கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டன. பிறகு கேப், பிவிஎச் கம்பெனிகளும் சேர்ந்தன. பையரைக் கையெழுத்துப் போடவைக்கமுடியும் என்று அந்தப் பெண்கள் காட்டிவிட்டார்கள். பாதுகாப்புக்குப் போட்ட கையெழுத்தைக் கூலிக்குப் போட்டால் பேனா உடைந்துவிடுமா?

"கூலி ஏறினால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும்" என்பது கடைசி பூச்சாண்டி. அங்கேயும் மனிதர்கள்தான். 2013-ல் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்த பிறகும், 2023-ல் கூலிக்காக ரோட்டில் இறங்கித் துப்பாக்கிச் சூடு வாங்கினார்கள். மாதம் 8,000 டாக்காவாக இருந்த அடிமட்டக் கூலி அந்த டிசம்பரில் 12,500 ஆனது. அவர்கள் கூலி ஏறினால் நம் பூச்சாண்டி சின்னதாகும். நம் கூலி ஏறினால் அவர்கள் பூச்சாண்டி சின்னதாகும். போட்டி என்று நமக்குச் சொல்லித்தந்த இடத்தில் இருப்பது கூட்டாளி.

ஆக, கேட்கவேண்டியது மூன்று. ஒன்று, அதே வேலைக்கு அதே கூலி, நேராக அவரவர் வங்கிக் கணக்கில். வந்தவருக்கு இடப்பெயர்ச்சிப் படி திரும்ப வேண்டும். இரண்டு, படுக்கை ஒருவர் கையில், வேலை இன்னொருவர் கையில். கம்பெனி ஹாஸ்டலுக்குப் பதில் அரசு கட்டும் வாடகை விடுதிகள், முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்துவைக்கத் தடை. மூன்று, இனி போடும் ஒவ்வொரு வர்த்தக ஒப்பந்தத்திலும் கூலிக்கு ஒரு வரி, அதற்குப் பல்.

லீவு முடிந்து கிளம்பும்போது மாமாவிடம் இதையெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நின்று கொட்டினேன். துபாய்க் கணக்கைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தபிறகு ஜன்னல் பக்கம் வந்து சொன்னார்:

"எங்க லைன்ல ஒரு ஒடிசாப் பையன் இருக்கான் கண்ணு. நாந்தான் மெஷின் பழக்கிவிட்டேன், நல்ல கை. அவனுக்கு என்ன ரேட் போடறாங்கன்னு இதுவரைக்கும் நான் கேட்டதே இல்லை. திங்கக்கிழமை கேக்கறேன்."

போன வாரம் போன் பண்ணினேன். கேட்டாராம். பீஸுக்குப் பதினைந்து பைசா கம்மி. "ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் சூப்பர்வைசரக் கேக்கலாம்னு இருக்கோம்" என்றார்.